காசிமேட்டுல ஓசில கடல் தண்ணி இருக்கும்போது உப்பு பாக்கெட் எதுக்கு? (வட சென்னை மரைன் டேங்க் இழை, வீட்டுத் தொட்டியில கடல் மீனும் பவளமும் வளர்க்கிறவங்களுக்கு)

2 மார்ச் 2025, காலை

ராயபுரத்துத் தம்பி ஒருத்தர் கேட்டதை அப்படியே போடுறேன்: "அண்ணா, எங்க வீட்டுலருந்து காசிமேடு நடக்குற தூரம். கேன்ல கடல் தண்ணி மொண்டுகினு வந்தா வேலை முடிஞ்சுது. எதுக்கு வெளிநாட்டு உப்பை அவ்ளோ காசு குடுத்து வாங்கச் சொல்றாங்க? மீனே கடல்லதான இருக்கு? மூணடி டேங்க் ரெடி, கிளவுன் மீன் ஜோடி சொல்லி வெச்சுட்டேன், அடுத்த ஞாயிறு விடலாமா?"

அடுத்த ஞாயிறு விடாத தம்பி. கடைக்காரர்கிட்ட போன் பண்ணி மீனை அங்கயே வெச்சுக்கச் சொல்லு, அட்வான்ஸ் போனாலும் பரவால்ல. தண்ணி விஷயத்தை மதியம் எழுதுறேன்.

2 மார்ச், மதியம்

காசிமேட்டுல நீ கேனை முக்கப்போற இடம் துறைமுகத்துக்கு உள்ள. அங்க விசைப்படகு நிக்குது, டீசல் ஒழுகுது, ஐஸ் தண்ணி, மீன் கழுவின தண்ணி, படகுக்கு அடிக்கிற பெயின்ட் எல்லாம் அதுலதான் சேருது. படகு அடியில பாசி, கொட்டலசு ஒட்டக்கூடாதுன்னு அடிக்கிற பெயின்ட்ல செம்பு இருக்கும், அது ஒட்டுற உயிரைக் கொல்றதுக்குன்னே செஞ்சது, பவளமும் அந்த மாதிரி ஒட்டுற உயிர்தான். அங்க மடவை மீன் துள்ளுதேன்னு சொல்லுவ. மடவை எதையும் தாங்கும். நத்தை, இறால், பவளம் தாங்காது.

அப்போ எண்ணூர் பக்கம் போலாமான்னு கேக்காத. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினதை நாம எல்லாரும் பார்த்தோம், படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பா நின்னுச்சு. அங்க மீன் பிடிச்சுப் பொழைக்கிறவங்களுக்கே அது தீராத வேதனை.

இன்னொரு விஷயம் நம்ம கடலோட உப்பு வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்காது. வடகிழக்கு மழை நேரத்துல கொசஸ்தலை, கூவம் எல்லாம் கொட்டுது, அதுக்கும் மேல வடக்கருந்து கரையோரமா இறங்கி வர்ற நீரோட்டம் வங்காள விரிகுடாவோட ஆத்துத் தண்ணியைச் சேர்த்துகினு வருது. ரீஃப் டேங்குக்கு, அதாவது பவளம் வளர்க்கிற டேங்குக்கு, வேண்டியது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (நல்ல தண்ணியைவிட எத்தனை மடங்கு கனம்ங்கற கணக்கு) 1.025, 1.026 பக்கம். நவம்பர், டிசம்பர்ல கரையோரத் தண்ணியில அது கிடைக்காது.

3 மார்ச்

தண்டையார்பேட்டைல இருந்து ஒருத்தர்: "அப்போ கல்லுப்பு கரைச்சுக்கலாமே, அதுவும் கடல் தண்ணி காஞ்சு வந்ததுதான?"

இந்தக் கேள்வி ரொம்பப் பேருக்கு இருக்கு, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். மரக்காணம் பக்கம் உப்பளம் பார்த்திருப்பீங்க, பாத்தி பாத்தியா தண்ணியை மாத்தி மாத்தி விடுவாங்க. அது சும்மா இல்ல. தண்ணி வத்த வத்த முதல்ல சுண்ணாம்பு இறங்கும், அப்புறம் ஜிப்சம் இறங்கும், அதுக்கப்புறம்தான் நாம திங்கிற சோடியம் குளோரைடு படியும். மெக்னீசியம் எல்லாம் கடைசில மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணியோட போயிடும். கடல் உப்புல சோடியம் குளோரைடு 85 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, மீதி மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட். அந்த மீதியைத் தனியாப் பிரிச்சு எடுத்துடறதுதான் உப்பளத்தோட வேலையே. பவளம் தன் எலும்பைக் கட்டுறதே கால்சியத்தையும் கார்பனேட்டையும் வெச்சு. கால்சியம் லிட்டருக்கு 400லருந்து 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1,300 பக்கம், அல்கலினிட்டி (கார்பனேட், பைகார்பனேட்டோட அளவு) 8, 9 டிகேஎச், இது இருந்தாத்தான் அது வளரும். கல்லுப்புத் தண்ணியில உப்பு மட்டும் 35 காட்டும், மத்தது பேருக்குத்தான் இருக்கும், டேங்க் தாங்காது.

பாக்கெட்ல வர்ற உப்பு மிக்ஸுக்கு காசு குடுக்கறது அந்த மீதிக்குத்தான்.

3 மார்ச், ராத்திரி

மணலி பக்கத்துலருந்து ஒருத்தர் எழுதிருக்காரு, அவங்க போர் தண்ணியே உப்பு, அதுல இன்னும் கொஞ்சம் உப்பு போட்டா லாபம்தானன்னு. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி கடல் தண்ணி உள்ள ஏறினது பல வருஷக் கதை, அந்தக் கரிப்பு அதனால வருது. ஆனா கரிக்கிற போர் தண்ணில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிறதோட மொத்த அளவு) 2,000 இருந்தா லிட்டருக்கு 2 கிராம், கடல் தண்ணி 35 கிராம். அந்த 2 கிராம்ல என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது, இரும்பு, நைட்ரேட், சிலிக்கா எது வேணா இருக்கலாம். ஆர்ஓல வடிகட்டி, அதுக்குமேல மிச்சம் மீதியையும் பிடிக்கிற டிஐ ரெசின் போட்டு, டிடிஎஸ் மீட்டர்ல பூஜ்யம் பார்த்துட்டு அப்புறம் உப்பு கரைங்க. மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணிக்கும் அதேதான், அதுல குளோரின் வேற. கேன் தண்ணியும் பூஜ்யம் காட்டாது, மீட்டரை வெச்சுப் பாருங்க.

7 மார்ச்

கொளத்தூர் போயிருந்தேன். அங்க நல்ல தண்ணி மீனுக்கு இந்தியாவுலயே பெரிய பேரு, பண்ணை வெச்சிருக்கிறவங்களுக்கு அப்படி ஒரு கைப்பழக்கம், ஆனா மரைன்னு வந்தா எல்லாக் கடையும் ஒண்ணு இல்ல. ஒரு கடைல என் பக்கத்துல நின்ன அம்மாவும் பையனும் அன்னைக்கே டேங்க், அன்னைக்கே தண்ணி, அன்னைக்கே நீல டாங் மீன் வாங்கினு போறாங்க. அந்த மீன் முப்பது சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், அவங்க வாங்கின டேங்கே அதைவிட ரெண்டு மடங்கு நீளம்தான். பையன் பையைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துகினே இருக்கான், அவ்ளோ ஆசை. அம்மாகிட்ட மெதுவா சொன்னேன், டேங்க் மட்டும் எடுத்துகினு போங்கம்மா, மீன் ஒரு மாசம் கழிச்சுன்னு. கடைக்காரர் மொறைச்சாரு. அந்தம்மா கேட்டாங்க, மீனைத் திருப்பி வெச்சாங்க, பையன் அழுதான், எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. ஆனா ஒரு வாரத்துல செத்த மீனைப் பார்த்து அழுறதுக்கு இது மேல்.

8 மார்ச்

ஏன் ஒரு மாசம்னு ராயபுரம் தம்பி கேட்டாரு. மீன் கழிவு, மிஞ்சின தீனி எல்லாம் அமோனியா ஆகும். அதை நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. ரெண்டும் கல்லுலயும் மணல்லயும் குடியேறணும், அதுக்கு நாலுலருந்து ஆறு வாரம் பிடிக்கும், நம்ம ஊர் சூட்டுல கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம். நல்ல தண்ணி டேங்க்ல இதை அசால்ட்டா தாண்டினவங்கதான் மரைன்ல மாட்டுறாங்க. காரணம் பிஎச். பிஎச் 7ல மொத்த அமோனியால விஷமான வடிவம் ஒரு சதவீதத்துக்கும் கீழ. மரைன் டேங்க் 8.2, அங்க அதே அளவு அமோனியால விஷம் பத்து மடங்குக்கு மேல ஏறிடும். நல்ல தண்ணி கப்பி மீன் தாங்கின அமோனியாவை கிளவுன் தாங்காது.

இந்த பாக்டீரியாவை வளர்க்க செலவே இல்ல. காசிமேட்டுக்கு தண்ணிக்குப் போகாத, இறாலுக்குப் போ. தோல் உரிக்காத பச்சை இறால் ஒண்ணு, டேங்க்ல போட்டு அழுக விடு. டெஸ்ட் கிட் டியூப்ல அமோனியா மஞ்சள்லருந்து பச்சையாகும், நாளாக ஆக கரும்பச்சை, அப்புறம் ஒருநாள் திரும்ப மஞ்சள். நைட்ரைட்டும் ஏறி இறங்கி பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் நிக்கும்போது முதல் மீன். டாம்சல் மீனை விட்டு சைக்கிள் பண்ணலாம்னு (இப்படி பாக்டீரியாவைக் குடியேத்துறதுக்குத்தான் அந்தப் பேரு) கடைல சொல்லுவாங்க, வோணாம். அது செவுள் எரிஞ்சுகினே உயிரோட இருக்கும், பொழைச்சா அப்புறம் வர்ற எல்லா மீனையும் துரத்தும்.

15 மார்ச்

திருவொற்றியூர்லருந்து ஒரு அண்ணன் சண்டைக்கு வந்திருக்காரு, நியாயமான சண்டை. அவரு படகுல போறவரு. "நாங்க பல மைல் தாண்டிப் போறோம், அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அதையும் ஆகாதுன்னு சொல்லுவியா?"

இல்லண்ணா, அதை ஆகாதுன்னு சொல்லல. 2ஆம் தேதி எழுதினதை இன்னிக்குத் திரும்பப் படிச்சா கடல் தண்ணியே கூடாதுன்னு சொன்ன மாதிரி தொனிக்குது. என் பிரச்சினை துறைமுகத் தண்ணியோடதான். மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கிளவுனும் டாம்சலும் குஞ்சு பொரிக்க வெச்சிருக்காங்க, அங்க ஓடுறதே கடல் தண்ணிதான். ஆனா மணல்ல வடிகட்டி, கிருமி நீக்கி, உப்பு பார்த்து எடுக்குறாங்க. நீங்க மழை இல்லாத மாசத்துல ஆழத்துலருந்து கொண்டாந்தா, டீசல் படாத புது உணவு கேன்ல பிடிங்க, துணி ஃபில்டர்ல வடிகட்டி, மூடின டிரம்ல வெளிச்சம் படாம சில வாரம் வெச்சு, பயன்படுத்துறதுக்கு முன்ன ஏர் ஸ்டோன் போட்டு, உப்பையும் அமோனியாவையும் பாருங்க. அந்தத் தண்ணி கிடைக்கிறவங்க குடுத்து வெச்சவங்க. கரைல நின்னு மொள்றவங்களுக்கு அது கிடைக்காது, அவ்ளோதான் வித்தியாசம்.

அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு, வலைல பவளக் கல்லு வரும், வேணும்னா தரேன்னு. அன்புக்கு நன்றிண்ணா, ஆனா வேணாம், யாருக்கும் குடுக்காதீங்க. 2001லருந்து எல்லா கல் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. செத்த பவளக் கல்லை வெச்சிருந்தாலும் கேஸ் வரும். கடல் குதிரையையும் அந்தச் சட்டம் பாதுகாக்குது. சட்டத்தை விட்டாலும், மன்னார் வளைகுடால சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளத்தை வெட்டி வெட்டி தீவே முழுகின கதை நமக்குத் தெரியும். அங்க 1986ல தேசியப் பூங்கா அறிவிச்சப்போ கணக்குல 21 தீவு, அதுல ரெண்டு தண்ணிக்குள்ள போயிடுச்சு. டேங்குக்கு டிரை ராக்னு செயற்கையா செஞ்ச கல்லு கிடைக்குது, அது போதும். வளர்த்துப் பிரிச்ச பவளத் துண்டு, ஃபிராக்னு சொல்றது, வாங்கும்போதும் எங்கருந்து வந்துச்சுன்னு கேளுங்க, பதில் சொல்லத் தயங்குற கடைல வாங்காதீங்க.

16 மார்ச்

சுருக்கமா: செகண்ட் ஹேண்ட் டேங்க் வாங்கினா அதுல செம்பு மருந்து போட்டாங்களான்னு கேளு. கல்லும் மணலும் செம்பைப் பிடிச்சு வெச்சுகினு மெல்ல விடும். பழைய கண்ணாடி பரவால்ல, பழைய கல் வோணாம்.

23 மார்ச்

டாப்-அப் (ஆவியான தண்ணிக்குப் பதிலா ஊத்துறது) பத்தி யாருமே கேக்கல, ஆனா வட சென்னைல டேங்க் போறதுக்கு இதுதான் பெரிய காரணம்னு நினைக்கிறேன்.

ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு தங்கிடும். மேல ஃபேன் வெச்சா நூறு லிட்டர் டேங்க்ல கோடைல தினம் மூணு லிட்டர் சாதாரணமா போகும். யாரும் கவனிக்காம அஞ்சு நாள் ஊருக்குப் போய்ட்டு வந்தா 15 லிட்டர் குறைஞ்சு உப்பு 35லருந்து 41க்கு ஏறியிருக்கும். சரின்னு உப்புத் தண்ணி கலந்து ஊத்துறவங்க இருக்காங்க, அது இன்னும் ஏத்தும். ஊத்த வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ தண்ணி, தினமும், கொஞ்சம் கொஞ்சமா.

இதுலதான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பாங்க, ஒரு சொம்பு குழாய்த் தண்ணியில இன்னா ஆகப்போவுதுன்னு. தினம் மூணு லிட்டர்னா மாசத்துக்கு 90 லிட்டர், அதாவது டேங்க் அளவுக்கே குழாய்த் தண்ணி மாசாமாசம் உள்ள போகுது. போனது சுத்தமான ஆவி, தங்கினது அதுல இருந்த பாஸ்பேட், சிலிக்கா, நைட்ரேட், செம்பு அத்தனையும். மூணாவது மாசம் கல்லு மேல பழுப்புப் பாசி, அப்புறம் முடிப்பாசி, அப்புறம் "லைட் சரியில்லபோல"ன்னு புது லைட் வாங்குவாங்க. லைட்டுக்கு போட்ட காசுல ஒரு ஆர்ஓ டிஐ வந்திருக்கும். கண்ணுக்குத் தெரியற எதுல வேணா மிச்சம் பிடிங்கப்பா, ஸ்டாண்டை மரக்கடைல செய்ங்க, லைட்டைச் சின்னதா வாங்குங்க, சம்புக்கு (கீழ வெக்கிற ஃபில்டர் தொட்டி) பழைய டேங்கைப் போடுங்க, பவளம் ஒரு வருஷம் கழிச்சு வாங்குங்க. தண்ணில மட்டும் கை வெக்காதீங்க.

24 மார்ச்

உப்பு அளக்க பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வெச்சிருக்கிறவங்க அதோட முள்ளைக் கிட்டப் பாருங்க, கடுகுல பாதி அளவு காத்துக் குமிழ் ரெண்டு ஒட்டியிருக்கும், அது முள்ளைத் தூக்கி உப்பு அதிகம்னு காட்டும், நீங்க நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் குறைச்சுகினே போவீங்க. சுண்டினா குமிழ் விடும், முள் இறங்கும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்க முடிஞ்சா வாங்குங்க, ஆனா அதையும் வெறும் தண்ணில பூஜ்யம் வெச்சா பத்தாது, 35னு குறிச்ச திரவத்துல சரி பார்க்கணும்.

19 ஏப்ரல்

வியாசர்பாடிலருந்து ஒரு தங்கச்சி, பேச்சு அவசரமா இருந்துச்சு: கல்லு மேல பிரவுன் பட்டன் மாதிரி பரவிடுச்சு, அம்மா பெரிய குண்டான்ல கொதிக்க வெச்சுடலாம்னு சொல்றாங்க, சரியா?

கொதிக்க வெக்காத. வெக்கவே வெக்காத. உடனே போன்ல பேசிட்டேன், இங்க மத்தவங்களுக்காக எழுதுறேன். அந்த பட்டன் பாலிதோவாவா இருக்கலாம், பவளத்துக்கு உறவான உயிர் அது. சோவா, பாலிதோவா குடும்பத்துல சிலதுக்கு பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு, இயற்கைல இருக்கிற கொடிய விஷங்கள்ல ஒண்ணு. சூட்டுல அது அழியாது, ஆவியோட வீடு பூரா பரவும். இங்கிலாந்துல 2018ல ஒரு வீட்டுல டேங்க்லருந்து பவளத்தை எடுத்து சுத்தம் பண்ணப் போய் அந்தக் குடும்பமும் உதவிக்கு வந்தவங்களும் ஆஸ்பத்திரி போனாங்க. ஒத்தை ரூமும் கிச்சனும் ஒண்ணா இருக்கிற நம்ம வீடுகள்ல நினைச்சுப் பாருங்க. வெந்நீர் ஊத்துறது, பிரஷ் போட்டுத் தேய்க்கிறது, வெளில காய வெச்சு உடைக்கிறது எதுவும் வோணாம். கிளவுஸ், கண்ணாடி போட்டு, தண்ணிக்குள்ளயே வெச்சுக் கையாளணும். கைல புண் இருந்தா தொடவே கூடாது. தொட்டப்புறம் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வாய்ல உலோக ருசி, காய்ச்சல் வந்தா நேரா ஆஸ்பத்திரி, டாக்டர்கிட்ட பாலிடாக்சின்னு பேரைச் சொல்லுங்க.

தங்கச்சி வீட்டுல கல்லு இப்போ மூடின பக்கெட்ல தண்ணிக்குள்ள இருக்கு, எல்லாரும் நல்லா இருக்காங்க.

4 மே

கத்திரி ஆரம்பம். மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, ஷீட் போட்ட வீடு இருக்கிறவங்க தெர்மாமீட்டரைப் பார்த்துட்டு எழுதுங்கன்னு கேட்டிருந்தேன், 31, 32னு வருது. ரீஃபுக்கு 25, 26 சௌகரியம். ரொம்ப நாள் 30க்கு மேல நின்னா பவளம் தன் உடம்புக்குள்ள இருக்கிற பாசியை வெளிய தள்ளி வெளுத்துடும். மன்னார் வளைகுடாலயே 1998, 2010, 2016னு கடல் கொதிச்ச வருஷங்கள்ல அப்படித்தான் வெளுத்துச்சு, டேங்க்ல ஒதுங்க இடமும் இல்ல.

தண்ணி மேல ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனா நம்ம ஊர்ல சாயங்காலம் கடல் காத்து வந்து புழுங்க ஆரம்பிச்சா தண்ணி ஆவியாகாது, ஃபேன் சும்மா சுத்தும். தண்ணியைக் குளிர வெக்கிற சில்லர் விலை அதிகம், தெரியும். ரூம்ல ஏசி இருந்தா டேங்கை அந்த ரூமுக்கு மாத்துறது அதைவிட நல்லது. ரெண்டும் முடியாதவங்க மீன் மட்டும் வளர்க்கலாம், கேவலம் ஒண்ணுமில்ல, நல்லா வெச்ச கிளவுன் ஜோடி டேங்க் எனக்கு எந்த ரீஃபுக்கும் குறைஞ்சது இல்ல. ஐஸ் கட்டியை நேரா போடாதீங்க, பாட்டில்ல உறைய வெச்சு மிதக்க விடுங்க, அதுவும் மெல்ல.

11 மே

நேத்து ராத்திரி எங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு, அதனால இதை எழுதுறேன். கரண்ட் போனா முதல்ல கொல்றது சூடு இல்ல, மூச்சு. 25 டிகிரில நல்ல தண்ணி லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல் தண்ணி 6.7தான், 31 டிகிரில அது 6.1க்கு இறங்கும். இருப்பே கம்மி, ராத்திரில பாசியும் பவளமும் சேர்ந்து அதையே மூச்சுக்கு இழுக்கும்.

மிக்ஜாம் அப்போ எங்க ஏரியால நாள் கணக்கா கரண்ட் இல்ல, கீழ் வீட்டுல முழங்கால் தண்ணி. பேட்டரி ஏர் பம்ப் ரெண்டும் செல் தீர்ந்து நின்னப்புறம் நானும் என் தம்பியும் மாத்தி மாத்தி உக்காந்து மக்குல மொண்டு ஒரு முழம் உயரத்துலருந்து ஊத்திகினே இருந்தோம். டார்ச் அடிச்சா மீன் செவுள் அடிக்கிற வேகம் தெரியும், ஊத்த ஊத்த அது மெதுவாகும், நிறுத்தினா மறுபடி மேல வந்து வாயைத் திறக்கும். தீனி சுத்தமா நிறுத்திட்டோம். எங்க அம்மா கீழ் வீட்டுக்காரங்களுக்கு டீ போட்டுட்டு எங்களுக்கும் ஒண்ணு வெச்சுட்டுப் போனாங்க, திட்டல. மீன் எல்லாம் பொழைச்சுது, ரெண்டு நத்தை போச்சு.

அதனால சில்லருக்கு முன்ன பேட்டரி ஏர் பம்ப், செல் ஒரு பெட்டி. அப்புறம் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, கரண்ட் கசிஞ்சா உடனே வெட்டுற சுவிட்ச். பழைய வீட்டுல எர்த் இல்லாம பவர்ஹெட் (தண்ணிக்குள்ள ஓடுற மோட்டார்) ஓட்டுறவங்க இருக்கீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்த வாரமே போடுங்க. ஒயர் பிளக்குக்கு ஏறுறதுக்கு முன்ன கீழ ஒரு வளைவு தொங்கணும், இல்லன்னா உப்புத் தண்ணி ஒயரைப் பிடிச்சுகினு நேரா பிளக் உள்ள போகும்.

18 மே

ராயபுரம் தம்பிகிட்டருந்து படம் வந்திருக்கு. சைக்கிள் ஏப்ரல் நடுவுலயே முடிஞ்சு, கிளவுன் ஜோடி விட்டு மாசம் ஆகுது, நல்லா தின்னுது. இப்போ கேள்வி: அனிமோன் (கிளவுன் ஒளியற பூ மாதிரி உயிர்) எப்போ, பவளம் எப்போ, மீன் மேல ஒரு வெள்ளைப்புள்ளி இருந்த மாதிரி இருக்கே அதுக்கு கடைல குடுத்த நீல மருந்து ஊத்தலாமா?

மருந்து டேங்க்ல ஊத்தாத. புள்ளி பவுடர் தூவின மாதிரியா, இல்ல ரவை தூவின மாதிரி தனித்தனியான்னு கிட்டப் பார்த்துச் சொல்லு. ரவை மாதிரின்னா கிரிப்டோகேரியான்னு ஒரு ஒட்டுண்ணி, மீனை வேற டேங்குக்கு மாத்தி அங்க வைத்தியம், மெயின் டேங்க் மீனே இல்லாம கிடக்கணும், பலரும் 76 நாள் வைப்பாங்க, கல்லுல ஒட்டியிருக்கிற முட்டைக்கூடு அவ்ளோ நாள் தாங்கும். பவுடர் மாதிரின்னா வெல்வெட்னு இன்னொரு ஒட்டுண்ணி, அது அவசரம், ராத்திரியே கூப்பிடு.

அனிமோன் இந்த வருஷம் வோணாம். அது நடக்கும், பவர்ஹெட்ல மாட்டி அரைபட்டா டேங்க் பூரா நாசம். கிளவுனுக்கு அது இல்லாமலே வாழ்க்கை நல்லா இருக்கு.

19 மே

தம்பி கிட்ட எடுத்த படம் அனுப்பினாரு. பார்த்தா மணல் துகள், துடுப்புல ஒட்டினது, மறுநாள் இல்ல. நல்லது.

பவளம் கத்திரி முடிஞ்சு, மூணு வாரம் தண்ணி 28க்குக் கீழ நின்னப்புறம். முதல்ல மஷ்ரூம் பவளம் ஒண்ணு, கூட ஜிஎஸ்பி (பச்சையா பாய் மாதிரி படர்ற பவளம்) ஒண்ணு, ஜிஎஸ்பியைத் தனிக் கல்லுல வை, இல்லன்னா எல்லாக் கல்லையும் மூடிடும். அதுவரைக்கும் காலை, சாயங்காலம் டெம்பரேச்சரும் உப்பும் நோட்டுல எழுது. ஜூன் கடைசில அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்க போடு, பார்த்துட்டு எங்க வாங்கலாம்னு சொல்றேன்.